ஒற்றைச் சாவியோடு நிற்கும் பழைய ஃபோக்கஸ்: மாற்றுச் சாவி வெட்டிப் பதிந்த முழு விவரம்

வண்டி, ஐரோப்பியச் சந்தைக்காக வந்த முதல் தலைமுறை ஃபோர்டு ஃபோக்கஸ். பெட்ரோல் எஞ்சின், 2002 மாடல். ஆரம்பத்தில் இருந்த இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்துவிட்டது. கையில் மிச்சமிருக்கும் சாவியின் தண்டு தேய்ந்துபோய், ஸ்டீயரிங் லாக்கில் ஆட்டி ஆட்டித்தான் திரும்புகிறது. உரிமையாளருக்கு வேண்டியவை இரண்டு: புதிதாக இரண்டு சாவி வேண்டும், தொலைந்த சாவி யார் கையில் கிடைத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது.

சாவி வெட்டுவதோ சிப் வாங்குவதோ இதில் பெரிய வேலை இல்லை. கெடுவது பெரும்பாலும் வரிசையில்தான். எஞ்சின் கணினி எத்தனை சாவியை நினைவில் வைத்திருக்கிறது, கையில் எத்தனை சிப் நல்ல நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் "சாவிகளை அழி" என்ற பொத்தானை அழுத்தினால், நிறுத்திய இடத்திலேயே வண்டி கிடக்கும். அதனால் இந்த ஆய்வில் பாதிக்கு மேல், அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவையே வரும்.

சாவியின் தலைக்குள்

பதிந்த சாவியின் சிப் இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத அமைப்புதான் இம்மொபிலைசர். ஃபோர்டின் இந்த இம்மொபிலைசர் அமைப்புக்குப் பெயர் பேட்ஸ். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் கறுப்பு நிறத்தில் ஆப்பு வடிவச் சிப் ஒன்று இருக்கும். ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன். இதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் லாக்கைச் சுற்றி ஒரு வளைய ஆன்டெனா உண்டு. சாவியைத் திருப்பியதும் அது 134.2 கிலோஹெர்ட்ஸில் சுமார் 50 மில்லிவிநாடி மின்காந்தப் புலத்தை எழுப்பும். அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் அனுப்பும். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துபோனாலும் எஞ்சின் கிளம்புவது இதனால்தான்.

1990களின் நடுவில் வந்த ஃபோர்டுகளில் 4சி எனப்படும் சிப் இருந்தது. அது எப்போது கேட்டாலும் ஒரே எண்ணைச் சொல்லும். இந்த ஃபோக்கஸில் இருப்பது 4டி60. எஞ்சின் கணினி 40 பிட் கேள்வி ஒன்றை அனுப்பும். சிப் தன்னுள் இருக்கும் 40 பிட் ரகசியத்தைக் கொண்டு கணக்கிட்டு 24 பிட் விடை தரும். கேள்வி ஒவ்வொரு முறையும் மாறுவதால் ஒருமுறை ஒட்டுக்கேட்டு வைத்திருந்து பயனில்லை. ஆனால் 40 பிட் இன்றைய கணினிகளுக்குச் சின்னப் பூட்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தினரும் 2005இல் இதை உடைத்துக் காட்டினார்கள். சாவிக் கடைகளில் 4டி சிப்பை நகலெடுக்க முடிவதற்கு அடிப்படை அந்தப் பலவீனம்தான். நகல் சாவி இந்த வண்டிக்கு ஏன் போதாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இந்த வண்டியின் சாவி டிப்பே வகை. தட்டையான அலகு இல்லை, உருண்டைத் தண்டு. அதில் 6 இடங்களில் சாய்வாக வெட்டியிருக்கும். ஃபோர்டின் ப்ளாங்க் (இன்னும் வெட்டாத சாவி) எஃப்ஓ21 என்ற பெயரில் விற்கிறது. ஜாகுவார் சாவியும் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் அதில் 8 வெட்டு. படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் 8 வெட்டு ப்ளாங்க் வந்து சேரும். தண்டின் வெட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகே ஆர்டர் போட வேண்டும்.

அடுத்தது சிப். ஒரே ப்ளாங்க் 4சியோடும் வரும், 4டி60ஓடும் வரும், சிப்பே இல்லாமல் வெறும் கூடாகவும் வரும். ஃபோர்டின் பிந்தைய மாடல்களுக்கு 4டி63. அதிலும் 40 பிட், 80 பிட் என்று இரு வகை உண்டு. 80 பிட் எதிர்பார்க்கும் வண்டியில் 40 பிட் சாவி போட்டால் ஏற்காது. கையிலிருக்கும் பழைய சாவியைச் சிப் படிக்கும் கருவியில் வைத்து, அது சொல்லும் வகையையே வாங்குவதுதான் சரி. வண்டியின் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். மாடல் மாறும் ஆண்டுகளில் இரண்டு வகையும் ஓடியிருக்கும்.

தலையின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். 1990களின் நடுவில் வந்த ஐரோப்பிய ஃபோர்டுகளில் சிவப்புத் தலைச் சாவி ஒன்று வரும். புதுச் சாவி சேர்க்கும் அதிகாரம் அதற்கு மட்டுமே. அது தொலைந்தால் இம்மொபிலைசர் மாட்யூலையே மாற்ற வேண்டியிருக்கும். நம் ஃபோக்கஸ் அதற்குப் பிந்தையது. இதில் எல்லாச் சாவிக்கும் ஒரே தகுதி, ஆனால் வேறொரு நிபந்தனை இருக்கிறது.

இரண்டு சாவி விதி

பேட்ஸ் அமைப்பில் அதிகபட்சம் 8 சாவி பதியலாம். குறைந்தது 2 இருந்தாக வேண்டும். ஏற்கெனவே பதிந்த இரண்டு சாவி கையில் இருந்தால் எந்தக் கருவியும் வேண்டாம், மூன்றாவதை உரிமையாளரே பதிந்துகொள்ளலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்த வழி அடைபட்டுவிடும். முதல் சாவி தொலைந்த அன்றே இரண்டாவதை வாங்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். இரண்டு சாவி இருக்கும்போது பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, ஒன்றானதும் டயக்னாஸ்டிக் கருவி (வண்டியின் கணினியோடு பேசும் கருவி), சாவி நினைவைத் தொட அந்தக் கணினி தரும் பாதுகாப்பு அனுமதி, அழித்துப் பதிதல் என்று நீண்டுவிடும்.

இங்கே பலர் போடும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு சாவியை நகலெடுத்தால் இரண்டு ஆகிவிடுமே, அந்த இரண்டை வைத்து மூன்றாவதைப் பதியலாமே! ஆகாது. நகல் சிப்பில் அசலின் அடையாள எண்ணும் ரகசியமும் அப்படியே இருக்கும். வண்டி அதைப் புதிய சாவியாகப் பார்க்காது. அதே சாவி மறுபடி வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். வேறு வேறு எண் கொண்ட இரண்டு சாவி வரும்வரை பதிவு நிலை திறக்காது. கருவியில் சாவிகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலும் நகலால் அது கூடியிருக்காது.

நகல் பயனற்றது என்று சொல்லவில்லை. வண்டியின் கணினியைத் தொடவே வேண்டாம் என்பவருக்கு அது நல்ல வழி. அசல் 4டி60 நல்ல நிலையில் இருந்தால், எழுதத்தக்க சிப்பில் சில நிமிடங்களில் நகலெடுத்துவிடலாம். வேலை தொடங்கும் முன் பாதுகாப்புக்காக ஒன்று எடுத்து வைப்பதும் நல்லதுதான். அசல் சிப் கீழே விழுந்து உடைந்தால் அது கைகொடுக்கும். ஆனால் நகல் எடுப்பதால் தொலைந்த சாவி செல்லாததாகிவிடாது. இந்த உரிமையாளர் கேட்டதில் பாதி அதுதான் என்பதால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவதே இங்கே ஒரே வழி.

வெட்டுதல்

தேய்ந்த சாவியை நேராக இயந்திரத்தில் வைத்து நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். புதுச் சாவியும் முதல் நாளிலிருந்தே ஆட்டித் திருப்ப வேண்டியதாகிவிடும். டிப்பே சாவியில் இதைத் தவிர்ப்பது எளிது. 6 இடங்களிலும் வெட்டு 4 நிலைகளில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்க முடியும், இடைப்பட்ட அளவு கிடையாது. பழைய சாவியின் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து அருகிலுள்ள நிலையைக் குறித்தால் 6 இலக்க எண் வந்துவிடும். அந்த எண்ணை வைத்துப் புது ப்ளாங்கைத் தொழிற்சாலை அளவுக்கே வெட்டலாம். இதற்கு டிப்பே வெட்டும் இயந்திரமோ அதற்கான பிடியோ வேண்டும். சாதாரணத் தட்டைச் சாவி இயந்திரத்தில் முயன்றால் ப்ளாங்க் வீணாகும்.

வெட்டியதும் முதலில் கதவில் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகு இக்னிஷனில். எந்த அழுத்தமும் இல்லாமல் 0 (அணைந்த நிலை), 1, 2 (இக்னிஷன் ஆன்) நிலைகளுக்குப் போய்வர வேண்டும். இறுகினால் பதிவுக்குப் போகாமல் அங்கேயே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். பதிவின்போது சாவிகளை விநாடிக் கணக்கில் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும். லாக்கில் திணறும் சாவியோடு அந்த நேரக்கெடுவைப் பிடிக்க முடியாது.

இந்த ஃபோக்கஸில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உள்ளே தட்டுகள் தேய்ந்து இக்னிஷன் பேரல் (சாவி நுழைந்து திரும்பும் உருளை) திடீரென்று இறுகிப்போவது இந்த மாடலின் தெரிந்த குறை. பேரலைக் கழற்ற வேண்டுமென்றால் சாவியை 1ஆம் நிலைக்குத் திருப்பி, பூட்டு முளையை அழுத்த வேண்டும். சாவி திரும்பாமல் இறுகிவிட்டால் துளையிட்டுத்தான் எடுக்க முடியும். ஆகவே ஆட்டித் திருப்புகிற நிலை வந்ததுமே, திரும்பிக்கொண்டிருக்கும்போதே, பேரலைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. புதுச் சாவி தடையில்லாமல் திரும்பினால் தேய்ந்தது பழைய தண்டு மட்டும்தான். நம் வண்டியில் அப்படித்தான் இருந்தது.

அழித்துப் பதிதல்

முதலில் மின்கலம். பாதுகாப்பு அனுமதிக்குக் காத்திருக்கும் நேரம் முழுக்க இக்னிஷன் ஆன் நிலையில் இருக்கும். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டினால் சார்ஜ் ஏற்றிய பிறகே தொடங்க வேண்டும். முடிந்தால் சார்ஜர் இணைந்தபடியே வேலை நடக்கட்டும். நடுவில் மின்னழுத்தம் சரிந்து தொடர்பு அறுந்தால், அழிப்பு முடிந்திருக்கும், பதிவு தொடங்கியிருக்காது. அதைவிட மோசமான இடத்தில் வேலை நிற்க முடியாது.

கருவியை இணைக்கும் அடாப்டரிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்த வண்டியின் எஞ்சின் கணினி, புதிய வண்டிகளில் உள்ள கேன் என்ற தொடர்பு மொழியில் பேசாது. ஜே1850 பிடபிள்யூஎம் என்ற பழைய முறையில் பேசும். பரவலாக விற்கும் ஈஎல்எம்327 அடாப்டரின் மலிவான நகல்களில் பல இதை ஆதரிப்பதில்லை. கருவி எஞ்சின் கணினியையே கண்டுபிடிக்கவில்லை என்றால் வண்டியைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரைச் சந்தேகிக்கலாம். கருவியின் மென்பொருளில் பேட்ஸ் வசதி இருக்கிறதா, அதில் இந்த மாடலும் ஆண்டும் உள்ளனவா என்பதையும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

தொடர்பு கிடைத்ததும் முதலில் பிழைக் குறிகளைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பதிந்துள்ள சாவிகளின் எண்ணிக்கை. நம் வண்டி 2 என்று காட்டியது: கையில் உள்ளது ஒன்று, தொலைந்தது ஒன்று. 3 அல்லது 4 காட்டினால், முந்தைய உரிமையாளர் கையில் இன்னும் ஓடுகிற சாவி இருக்கிறது என்று அர்த்தம். பழைய வண்டி வாங்கும் எவரும் பார்க்க வேண்டிய எண் இது.

பாதுகாப்பு அனுமதி, வண்டியையும் கருவியையும் பொறுத்து இரண்டில் ஒரு வழியில் கிடைக்கும். ஒன்று, சுமார் 10 நிமிடக் காத்திருப்பு. இன்னொன்று, வண்டி ஒரு குறியைக் கொடுக்கும். அதற்கேற்ற எதிர்க்குறியைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். காத்திருக்கும் வழியில் பொறுமைதான் வேண்டும். ஒன்பதாவது நிமிடத்தில் இக்னிஷனை அணைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அனுமதி கிடைத்ததும், அழிக்கும் முன், கடைசியாக ஒருமுறை கைவசம் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே மூன்று சிப்: புதுச் சாவிகள் இரண்டு, பழையது ஒன்று. அழித்த பிறகு இரண்டு பதியும்வரை எஞ்சின் ஓடாது என்பதால், ஒன்று மக்கர் செய்தாலும் இரண்டு மிஞ்ச வேண்டும். மூன்று சிப் இல்லாமல் நாங்கள் அழிப்பதில்லை.

அழித்ததும் பதிவு தானாகவே திறந்திருக்கும். முதல் சாவியைப் போட்டு 2ஆம் நிலையில் 3 விநாடி வைத்து, 0க்குக் கொண்டுவந்து எடுக்க வேண்டும். அது பதிந்துவிடும். அடுத்த சாவிக்கும் அதையே செய்ய வேண்டும். இரண்டும் பதிந்தால் எஞ்சின் கிளம்பும்.

நம் வண்டியில் முதல் புதுச் சாவி உடனே பதிந்தது. இரண்டாவதைப் போட்டதும் டாஷ்போர்டின் சின்ன சிவப்பு விளக்கு 3 விநாடியில் அணையாமல் படபடவென்று ஒரு நிமிடம் மின்னியது. பிறகு நிதானமாக ஒரு மின்னல், ஓர் இடைவெளி, மூன்று மின்னல். குறி 13: சிப்பிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வரவில்லை. தலையைப் பிரித்துப் பார்த்தபோது ஆப்புச் சிப் தன் குழியில் இல்லை. கூட்டை மூடும்போது நழுவி, வளையம் மாட்டும் துளைப் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. ஆன்டெனாவிலிருந்து அதுவே போதுமான தொலைவு. குழியில் சரியாக உட்காரவைத்து, ஆடாதபடி ஒரு சொட்டு சிலிக்கான் வைத்து மூடியதும் பதிந்தது. அதற்குள் காத்திருக்க மனமில்லை என்றால் பழைய சாவியை இரண்டாவதாகப் பதிந்து எண்ணிக்கையை நிறைவு செய்திருக்கலாம். அழித்தல் என்பது எஞ்சின் கணினியின் நினைவில் மட்டும் நடப்பது. பழைய சாவியின் சிப்புக்கு எதுவும் ஆவதில்லை.

விளக்கின் பிற குறிகளும் அறிந்திருக்க வேண்டியவை. 11 என்றால் வளைய ஆன்டெனாவின் இணைப்பு விட்டிருக்கிறது. 12, ஆன்டெனாவே பழுது. 14, சிப் பாதிதான் படிக்கப்பட்டது. அதே வளையத்தில் இன்னொரு சிப் சாவி தொங்கினால் இது வரும். 15, சிப் நன்றாகப் படிக்கப்பட்டது, ஆனால் பதியப்படாதது. 16, மாட்யூலுக்கும் எஞ்சின் கணினிக்கும் இடையே தொடர்புக் கோளாறு. 21, பதிந்த சாவி இரண்டுக்கும் குறைவு. கருவியில் பார்த்தால் 13க்கு B1600, 14க்கு B1602, 15க்கு B1601, 21க்கு B1213 என்று வரும். இவற்றோடு சேர்ந்து P1260 வந்தால், திருட்டு முயற்சி என்று எடுத்துக்கொண்டு எஞ்சின் முடக்கப்பட்டது என்று பொருள். 13ஐயும் 15ஐயும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னது கண்டால் சாவியைப் பிரிக்க வேண்டும், பின்னது கண்டால் மறுபடி பதிய வேண்டும்.

இரண்டு பதிந்த பின் பழைய சாவியை மூன்றாவதாகச் சேர்க்கக் கருவி தேவைப்படவில்லை. முதல் சாவியை 2ஆம் நிலைக்குத் திருப்பி, 0க்குக் கொண்டுவந்து எடுக்க வேண்டும். 5 விநாடிக்குள் இரண்டாவதைப் போட்டு அதேபோல். உடனே, 10 விநாடிக்குள், மூன்றாவதைப் போட்டு 2ஆம் நிலைக்கு. விளக்கு 3 விநாடி எரிந்து அணைந்தால் பதிந்துவிட்டது. சில சந்தைகளின் கையேடுகளில் இதைவிட நீண்ட நேரம் தரப்பட்டிருக்கும். குறுகிய கணக்கில் செய்தால் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும். மூன்றையும் வளையத்திலிருந்து கழற்றி, வரிசையாக மடியில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். தவறினால் எதுவும் கெட்டுப்போகாது, முதலிலிருந்து தொடங்கலாம்.

ரிமோட் தனி

கதவு திறக்கும் ரிமோட்டுக்கும் இம்மொபிலைசருக்கும் தொடர்பில்லை. ஒன்று பதிந்ததால் மற்றது பதியாது. ரிமோட்டுக்கு இக்னிஷனை 0விலிருந்து 2க்கு 6 விநாடிக்குள் நான்கு முறை திருப்பி அணைக்க வேண்டும். ஓர் ஒலி வரும். ரிமோட்டில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் மறுபடி ஒலிக்கும், பதிந்துவிடும். இருக்கிற ரிமோட்டுகள் எல்லாவற்றையும் அதே அமர்வில் பதிந்துவிட வேண்டும்.

கிழிந்த ரப்பருக்காகக் கூட்டை மட்டும் மாற்றுபவர்கள் அடிக்கடி இடறுவது இங்கேதான். சர்க்யூட் பலகையையும் பேட்டரியையும் புதுக் கூட்டுக்கு மாற்றிவிட்டுப் பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கதவு திறக்கும், எஞ்சின் கிளம்பாது. அந்தக் கறுப்பு ஆப்பு பழைய கூட்டின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும். பலகையோடு அது சேர்ந்து வராது.

மற்ற வண்டிகளில் எது மாறும்

எல்லா நிறுவனத்துக்கும் ஒரே விதி இல்லை. பழைய கிரைஸ்லரிலும் இரண்டு சாவி இருந்தால் மூன்றாவதை உரிமையாளரே பதியலாம். ஆனால் ஒரு வண்டிக்குப் பதிந்த சாவி அந்த வண்டியோடு பூட்டிக்கொள்ளும், பழைய சாவி வாங்கிப் பயனில்லை. ஃபோர்டின் 40 பிட் சாவிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஃபோக்ஸ்வேகன் மூன்றாம் தலைமுறை இம்மொபிலைசரில் 4 இலக்க ரகசிய எண் வேண்டும். எல்லாச் சாவிகளையும் ஒரே அமர்வில் பதிய வேண்டும், அங்கே இல்லாத சாவி செல்லாமல் போகும். எண்ணைத் தவறாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பூட்டும் நேரம் கூடிக்கொண்டே போகும். ஜெனரல் மோட்டார்ஸின் சில பழைய வண்டிகளில் கருவியே இல்லாமல் 10 நிமிடக் காத்திருப்பை மூன்று முறை செய்து சாவியை ஏற்கவைக்கலாம். அது முடிந்ததும் முந்தைய சாவிகள் அழிந்திருக்கும். பழைய ஃபியட்டில் சிவப்புச் சாவியும் குறியட்டையும் இருந்தால் வேலை எளிது, இல்லையென்றால் கடினம்.

நம் ஃபோக்கஸில் ஒரு சாவிகூட இல்லாமல் போயிருந்தாலும் பதிவு முறை மாறியிருக்காது. கருவி இணைக்க இக்னிஷன் ஆன் ஆனால் போதும். அதற்குச் சரியாக வெட்டிய தண்டு இருந்தால் சரி. கதவு லாக்கையோ சாவியோடு முன்பு வந்த எண் அட்டையையோ வைத்து வெட்டெண்ணைக் கண்டுபிடிப்பதுதான் கூடுதல் வேலை. உரிமை ஆவணம் காட்டாமல் யாரும் இதைச் செய்து தரக் கூடாது.

முடித்த பின்

ஒவ்வொரு சாவியையும் தனியாகப் போட்டு, எஞ்சினைக் கிளப்பி, சில விநாடி ஓடவிட்டு அணைக்க வேண்டும். கருவியில் சாவி எண்ணிக்கை 3 என்று காட்டுகிறதா, பிழைக் குறிகள் அழித்த பின் திரும்பி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கே 3 காட்டியது, குறி எதுவும் திரும்பவில்லை.

தொலைந்த சாவியால் இனி எஞ்சின் ஓடாது. ஆனால் அதன் தண்டு கதவை இன்னும் திறக்கும். தொலைந்த இடத்திலிருந்து வண்டியை அடையாளம் காண முடியும் என்றால், கதவு பேரலைக் கழற்றித் தட்டுகளின் வரிசையை மாற்ற வேண்டும். அப்போது புதுச் சாவிகளின் வெட்டெண்ணும் மாறும் என்பதால், அந்த முடிவைச் சாவி வெட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும். இந்த வண்டிக்கு அது தேவைப்படவில்லை. எங்கே தொலைந்தது என்பது தெரிந்திருந்தது, அங்கிருந்து வண்டியை அடையாளம் காண வழியில்லை.

தேய்ந்த பழைய சாவியை அன்றாடம் பயன்படுத்தக் கூடாது. பேரலின் தட்டுகளை அதுவே தேய்த்துவிடும். பதிவில் மூன்றாவதாக இருந்தால் போதும். நாளை ஒரு சாவி தொலைந்தாலும், அடுத்ததைக் கருவியில்லாமல் பதிய இரண்டு மிஞ்சும். 6 இலக்க வெட்டெண், சிப் வகை 4டி60, பதிந்த எண்ணிக்கை 3, தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, வண்டிக்குள் வைக்காமல் பதிவு ஆவணங்களோடு வைக்கச் சொல்லி உரிமையாளரிடம் கொடுத்தாகிவிட்டது.